உதிலயோ நிண்டது

நிறுவி முடியும் வரைக்கும் அது இருந்தது.
மொழி கேட்டபோது தமிழைத் தொட்டது.
நேரம் கேட்டபோது வரைபடத்தில்
கொழும்புக்கு மேல் போய் நின்றது,
உரும்பிராய்க்குப் புள்ளி இல்லாதபடியால்.
'மீளத் தொடங்கு' என்பதை அழுத்தியதும் அதுதான்.
திரும்பி வந்த திரையில்
ஒரு நீல மலை, கீழே ஒரு பட்டை.
அம்புக்குறியைக் காணேல்லை.

பால் கூட்டுறவுச் சங்கம், பின்னேரம் நாலரை.
விண்டோஸுக்குக் காசில்லை என்று தலைவர் சொல்ல
பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்தவள் நான்.
நாளைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப்
பதினைந்து நாள் பால்காசு.
கணக்கு முழுவதும் இந்தப் பெட்டிக்குள்.
அற்புதமலர் கதிரையை இழுத்துப்போட்டு
என் தோளுக்குப் பின்னால்
ஒன்றும் கேட்காமல் இருந்தா.
அதுதான் கூடப் பயம்.

மவுஸைக் கவிழ்த்தேன். வயிற்றில் சிவப்பு எரிந்தது.
ஓட்டையை மாற்றிக் குத்தினேன். ஊதினேன்.
பால் அளக்கிற அறையிலிருந்து இன்னொன்று வந்தது,
உண்மையான எலி வயரைக் கடித்து
டேப் சுற்றிய மவுஸ்.
மூன்று தரம் நிறுத்தி, மூன்று தரம் எழுப்பினேன்.
மலை வந்தது. பட்டை வந்தது.

போனை எடுத்துத் தமிழில் தேடப் போனேன்.
'காணாமல் போன' வரைக்கும்தான் நான் எழுதினது.
மிச்சத்தைப் போன் எழுதியது,
ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஐந்து வரி.
ஒன்றிலும் மவுஸ் இல்லை.
அற்புதமலரும் பார்த்தா.
எழும்பிப்போய்க் கேத்திலைப் போட்டா.
நான் அழித்துவிட்டு
இங்கிலீசில் எழுதினேன்.

பிளேன்டீ வந்தது, சீனி தூக்கலாய்.
குடித்தபடி, சும்மா, மவுஸைத் தேய்த்தேன்.
கீழே பட்டையில் கோப்புறை மினுங்கியது.
பிறகு கடித உறை.
பிறகு கணிப்பான்.
இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாய்
வெளித்து, அடங்கி.

எங்கள் ஒழுங்கை.
கரண்ட் இல்லாத வருசங்கள்.
முதலில் சந்திக் கடை நாய் குரைக்கும்.
பிறகு ஓவசியர் வீட்டு நாய்.
பிறகு கிணற்றடி வளவு.
ஆரெண்டு தெரியாது,
எங்கே வருகுதெண்டு தெரியும்.
ஐயா விளக்குத் திரியை இறக்குவார்.
எந்த நாயோடு குரைப்பு நிற்குது என்று
மூச்சைப் பிடித்து எண்ணுவோம்.

"அது போகேல்லை" என்றேன்.
"உள்ளுக்கதான் நடக்குது.
உருவத்தைத்தான் கீறேல்லை."
அற்புதமலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா,
நிறைய நேரம்.

பிறகு வேலை சுகம்.
பழைய கிராபிக்ஸ் கார்ட்.
எல்லாம் கீறி முடிந்தபின், எல்லாவற்றுக்கும் மேலே,
அம்பைக் கீறுகிற பொறுப்பு அதனுடையது.
மறந்துபோச்சு.
கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
மலை விலகிக் கறுப்பு.
அங்கே ஒருவருக்கும் அம்பு தேவையில்லை.
ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதினேன்:
நீ கீறவேண்டாம்,
மென்பொருள் கீறட்டும்.
ஓர் எழுத்துப் பிழைத்து
மலையும் வராமல் போச்சு ஒருதரம்.
திருத்தினேன்.

மலை.
பட்டை.
நடுத்திரையில், சரிந்தபடி,
வெள்ளையாய், நகம் வெட்டிய துண்டளவு.

"உதிலயோ நிண்டது, இவ்வளவு நேரமும்?"
அற்புதமலர் கேட்டது
என்னையோ அதையோ தெரியாது.
மவுஸை வாங்கித்
திரை முழுக்க ஒருதரம் சுற்றிக் காட்டினா,
எதையும் அழுத்தாமல்.
பிறகு கணக்கைத் திறந்தா:
அப்புலிங்கம், நாலு மாடு.

பற்றுச்சீட்டில் என்ன போட என்று கேட்டா.
நான் யோசிக்க முதலே எழுதிவிட்டா:
அம்புக்குறி, ஒன்று.
ஆயிரத்து ஐந்நூறு.

ஸ்கூட்டிக்கு இரண்டு கிழமையாய் முன் லைட் இல்லை.
ஒழுங்கையால் உருட்டிக்கொண்டு போனேன்.
சந்திக் கடை குரைத்தது.
ஓவசியர் வீடு, இப்ப வேறு ஆட்கள், வேறு நாய்.
கிணற்றடி வளவு.
எங்கள் கேற்றடியில் குரைப்பு நின்றது.
இருட்டுக்குள்
தகரத்தில் வால் அடிபடுகிற சத்தம்.