சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

ரோலாவில், பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே
எட்டடி அகலத்தில் எங்கள் டைப்பிங் சென்டர்.
வெள்ளிக்கிழமை என்றால் நடைபாதைவரை ஆள்.

நாளைக்கு நாற்பது பேரைத் தட்டுகிறேன்,
ஆங்கிலத்தில் ஒருமுறை, அரபியில் ஒருமுறை.
அரபியில் ழகரம் கிடையாது.
ஊரில் விமானம் ஏறுகிற யாழினி
ஷார்ஜாவில் யாஸினியாகத்தான் இறங்குவாள்.

வருகையின் நோக்கம் என்ற இடத்தில்
பெரும்பாலும் ஒரே சொல்தான் விழும்: சுற்றுலா.
மகள் பிரசவத்துக்கு வருகிற தாய், சுற்றுலா.
வேலை தேடி வருகிற தம்பி, சுற்றுலா.
பெற்ற பிள்ளையை நாலு வருஷம் திரையில் மட்டும் பார்த்தவன்
ஒரு மாதம் தூக்கி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால்
அந்தப் பிள்ளைக்கும் அதுவேதான்.

தவசிமுத்து வந்தது ஏழரை மணிக்கு.
சஜாவில் வெல்டர்.
கூட்டாளி வீட்டு ஹாலில் திரை கட்டி
முப்பது நாளுக்கு இடம் பேசிவிட்டதாகச் சொன்னார்,
நான் கேட்காமலே.

மனைவி பெயர் சுடலைவடிவு.
பாஸ்போர்ட் நகலில் மின்விசிறியின் நிழல்.
படத்தில் பின்னால் வெள்ளைப் போர்வை, காதை மூடிய முடி.
காது தெரியணும் அண்ணே என்றேன்.
பத்து நிமிடத்தில் வேறு படம் வந்தது:
முடியை ஒதுக்கி,
கம்மல் இல்லாத இரண்டு காதுகள்.
அவர் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.
விசாவுக்குக் கட்டிய பணத்தை இன்னொரு முறை எண்ணியதுபோல் இருந்தது.

பிறகு தந்தை பெயர்.
பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரி வெறுமை.
அதன் கீழே தாய்: பிரமசக்தி.

தவறிட்டாங்களா? தவறினாலும் பெயர் இருக்குமே அண்ணே.
அப்படி ஒரு ஆளே இல்லை மேடம்.

கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
கோடு போட்டேன். ஏற்கவில்லை.
புள்ளி வைத்தேன். ஏற்கவில்லை.
காலியாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன்,
காதைப் பிடித்து இழுத்து வந்து அதே இடத்தில் நிறுத்தியது.
வரிசையில் யாரோ செருமினார்கள்.
பக்கத்து இருக்கை ஷைனி திரும்பாமலே சொன்னாள்,
முருகன்னு அடி, யார் பார்க்கப் போறா.

தவசிமுத்து ஸ்பீக்கரில் கேட்டார்.
அந்தப் பக்கம் குக்கர் விசில், ஒரு குழந்தையின் இருமல்.
எந்த முருகன் என்றது குரல்.
சும்மா ஒரு பேருக்கு, புள்ள.

கொஞ்ச நேரம் குக்கர் மட்டும்.

நான் பிறந்தன்னைக்கு வரல, காது குத்துக்கு வரல,
நம்ம கல்யாணத்துக்கும் வரல.
இப்ப என் கூட ஃபிளைட்டுல ஏற மட்டும்
எதுக்கு அந்த ஆளு?
எங்கம்மா பேரைப் போடச் சொல்லுங்க.

வரிசையில் இப்போது யாரும் செருமவில்லை.

போட்டேன்.
பிரமசக்தி ஆணா பெண்ணா என்று கணினி கேட்கவில்லை.
வட்டம் சுற்றியது, சுற்றியது, நட்சத்திரம் அணைந்தது.
தவசிமுத்து மேசைமேல் குனிந்து
அரபியில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.
வலமிருந்து இடமாக விரல் வைத்துக் காட்டினேன்.
மாமியார் பெயரை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்,
தப்பு செய்தவர்போல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பதினைந்து திர்ஹம். ரசீது வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது விண்ணப்பம்.
நெஞ்சு ஒருகணம் நின்றுதான் ஓடியது.
தந்தை பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
படத்தின் பின்னணியில் நிழல், புதிய படம் இணைக்கவும்.

அன்று மாலையே அனுப்பினாள்.
ஸ்டுடியோவில் எடுத்தது, சுத்தமான வெள்ளை.
இந்த முறை காதில் கம்மல், கல் வைத்தது,
அவள் முகத்துக்குக் கொஞ்சம் பெரிசு.
இரவலாக இருக்கலாம்.
நான் காது தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.