இடப்பக்கம்

மூன்று நாளாக அங்கி காயவில்லை.
நின்றுபோன ஃபேனுக்குக் கீழே
நாற்காலியில் கைகளைத் தொங்கப்போட்டு
உட்கார்ந்திருக்கிறது, என்னைப்போலவே.
யாரும் கேட்டு வருவதில்லை.
ஆனாலும் மாதம் ஒருமுறை துவைத்துவிடுவாள் மேபல்.

அயனாவரத்தில் நவம்பர்.
பால் பாக்கெட் வரவில்லை.
கரண்ட் ஆறரைக்குப் போனது.
மோட்டார் அறையில் தண்ணீர் என்று
குடியிருப்புச் செயலாளர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்,
கூடவே கும்பிடும் கைகள் இரண்டு ஜோடி.

பத்து மணிக்கு ஒரு போன்.
பழைய சபையார், சொர்ணபாக்கியத்தம்மா.
"நாளைக்குப் பேத்திக்குக் கல்யாணம் ஐயரே,
மழை நிக்க ஜெபம் பண்ணுங்க."
கல்யாணத்தைப் புது ஐயர் நடத்துகிறார்.
மழை மட்டும் என் பொறுப்பு.

பண்ணுகிறேன் என்றேன்.
ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.
தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு
தெருவே ஓடிய அந்தக் கோடையில்
பெரம்பூர் சபை முழுவதையும் முழங்காலில் நிறுத்தி
மழை மழை என்று கேட்டவன் நான்தான்.
அந்த மனு இப்போதுதான்
மேசைக்குப் போயிருக்கிறதோ என்னவோ.
வருஷா வருஷம் சாங்ஷன் ஆகிறது,
மொத்தமாக.

ஜன்னலில் பார்த்தால் தெரு இல்லை.
காபி நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது.
இஸ்திரி வண்டிக்கு எதிரே மட்டும்
கொஞ்சம் சுழன்றது.
எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து
அங்கே மூடி இல்லை.

முதுகில் சோற்றுப் பெட்டியோடு
பைக்கில் ஒரு பையன் வந்தான்.
கத்தினேன்.
மைக் இல்லாமல் எண்ணூறு பேருக்குக் கேட்ட தொண்டை
இரண்டாம் மாடியிலிருந்து தரைக்கு எட்டவில்லை.
எப்படியோ தப்பிப் போனான்.

சிவப்புத் துணி தேடினேன்.
வீட்டில் சிவப்பு என்றால்
பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் போடும் ஸ்டோல் ஒன்றுதான்.
மாப் கட்டையில் கட்டிக்கொண்டு
வேட்டியை மடித்து இறங்கினேன்.

முழங்கால் தண்ணீர்.
குழிக்குப் பக்கத்தில் நின்று
"இடது பக்கம், இடது பக்கமாப் போங்க."
போனார்கள்.
ஷேர் ஆட்டோ போனது. தள்ளுவண்டி போனது.
நைட்டியின் மேல் துண்டு போட்ட அம்மா போனாள்.
நாற்பது வருஷப் பிரசங்கத்தில்
இப்படி உடனே கீழ்ப்படிந்த ஒரு சபையை
நான் பார்த்ததில்லை.
அதுவும் செம்மறிகள் வலப்பக்கம்,
வெள்ளாடுகள் இடப்பக்கம் என்று
விடாமல் எச்சரித்தவன்
அன்றைக்கு ஊரையே இடப்பக்கம் அனுப்பினேன்.

ஒருத்தி கேட்டாள்:
"பெரியவரே, கார்ப்பரேஷனா?"
"ஆமாம்மா."
பொய்தான்.
பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது,
விளக்க நேரமில்லை.

இஸ்திரிக்கார ஏழுமலை டீ கொண்டுவந்தார்.
பாதி டீ, பாதி மழை.
கொடுத்துவிட்டு
என் கொடியைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

நாலு மணிக்கு நிஜ கார்ப்பரேஷன் வந்தது.
மஞ்சள் கோட்டுப் போட்ட இரண்டு பேர்,
ஒரு தடுப்பு, ஒரு வேப்பங்கிளை.
"நீங்க போங்க சார், இனி நாங்க பாத்துக்கறோம்."
போன மே மாதம் பிஷப் சொன்னதும்
ஏறக்குறைய இதேதான்.
அப்போது ஒரு சால்வை இருந்தது.

மேபல் வெந்நீரில் டெட்டால் ஊற்றி
காலை உள்ளே வைக்கச் சொன்னாள்.
"யார் கூப்பிட்டாங்கன்னு போனீங்க?"
"யாரும் கூப்பிடல."
முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ஸ்டோலை வாளியில் முக்கினாள்.
சாயம் விட்டது.

ராத்திரி மெழுகுவர்த்தியை அணைக்கும்போதுதான்
சொர்ணபாக்கியத்தம்மா ஞாபகம் வந்தது.
வெளியே இன்னும் பெய்துகொண்டிருந்தது,
கல்யாண மண்டபத்தின் மேலும்
ஏரிகளின் மேலும்.
கண்ணை மூடினேன், கைகளைக் குவித்தேன்.
வாயில் வந்தது
இடது பக்கம், இடது பக்கம்.