ஐம்பது பென்ஸ்

மார்கேட் ஞாயிறுச் சந்தையில்
சப்பாத்துப் பெட்டி நிறைய
யாரோ வீட்டுக் கோடைகள்.
ஒன்று ஐம்பது பென்ஸ்.

பஞ்சுமிட்டாய் ஒட்டிய கன்னங்கள்,
மூக்குத் தோலுரிந்த தகப்பன்,
வெளிறிச் செம்மஞ்சளாகிவிட்ட கடல்.
எழுபத்தொன்பதில்
இங்கே ரோலர் கோஸ்டருக்கு பிரேக் பிடித்தவன் நான்.
கமரா வாங்கக் காசில்லை.
கணக்கியல் படிக்கிறேன் என்று
ஊருக்குக் கடிதம் மட்டும் போனது.

பெட்டியின் அடியில் ஒரு படம்:
முன்னிருக்கையில் ஒருத்தி அலறுகிறாள்,
தொப்பி பறக்கிறது.
ஓரத்தில், வெட்டுப்பட்டு,
நெம்புகோலில் ஒரு கறுத்த கை.
கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்தேன்.
மணிக்கூட்டில் எட்டு நாற்பது.
வெயிலோ நாலு மணி வெயில்.

அந்த வருசம் முழுக்க
நான் அதைத் திருப்பி வைக்கவேயில்லை.

"சொந்தக்காரரா?" என்றாள் விற்பவள்.
இல்லை என்றேன்.
சில்லறை நீட்டிய கையை
அவள் பார்க்கவில்லை.