பெருங்காயம்

நுழைவாயிலில் மாதையன் என் பையைத் திறந்தார்.
சாமை இட்லி நாலு, எள்ளுப்பொடி,
கறுத்துப்போன ஒரு பூவன்பழம்.
வெளிச் சாப்பாடு உள்ள விடறதில்லைங்க மேடம்.
லேமினேட் செய்த டாக்டர் கடிதத்தை நீட்டினேன்.
முழுசாகப் படித்தார், ஆஸ்பத்திரி முத்திரை வரை.
"சர்க்கரைங்களா?"
இல்லைங்க, கோதுமை ஆகாது.
"அப்ப சப்பாத்தி சாப்பிடலாமே"
என்றார், மனசார.

இந்த ஊரில் யாருக்கு எது வந்தாலும்
சப்பாத்திதான் மருந்து.
எனக்கு மட்டும் எப்படி வந்தது இந்தத் தலைகீழ் வியாதி?
குடலின் உள்சுவரில் நாற்றங்கால் மாதிரி நிற்க வேண்டியதை
கோதுமை மேய்ந்துவிட்டதாம்.
ஆறு வருஷம் இரும்பு மாத்திரை விழுங்கினேன்,
மொட்டைப் பாறையில் மழை.

டப்பாவுக்கு டோக்கன் நாற்பத்தேழு.

ஏற்காட்டு மலை பின்னால் நிற்க
டிராகன் ரயில் தலைகுப்புற விழுகிறது.
பில்லிங் செக்‌ஷன் மொத்தமும் அதில் ஏறிவிட்டது,
தமயந்தி, ரெஜினா, போன மாசம் சேர்ந்த கிஷோர்.
வயிறு புரள்வதற்குக் காசு கொடுத்து
வரிசையில் நிற்கிறார்கள்.
நான் ஒரு பிஸ்கட்டில் அதைச் சாதிப்பேன்.

தீனிக் கடைகள் வரிசையாக.
கொத்துப் பரோட்டாக் கல்லில் இரண்டு தகடு மோதும் தாளம்,
அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊறும், துரோகி நாக்கு.
டெல்லி அப்பளம், எதில் செய்தது என்று
விற்பவருக்கே தெரியாது.
ஐஸ்கிரீம் கப்பில் கேட்டேன்.
கரண்டி முக்கிய தண்ணீரில்
கோன் தூள் மிதந்தது.
வேண்டாம் தம்பி.
பஞ்சுமிட்டாய் வாங்கினேன். வெறும் சர்க்கரை,
சந்தேகத்துக்கு அதில் இடமில்லை.
மூக்கு நுனி வரை ரோஸ் ஒட்டியது.
முப்பத்தெட்டு வயசில் நாக்கை நீட்டி
செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் தட்டுவடை செட்.
சேலத்தில் பிறந்து இதைத் தாண்டிப் போவதா?
அரிசி மாவு, உளுந்து, நடுவில் பீட்ரூட் கேரட் துருவல்,
சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி.
கோதுமைக்கு இதில் என்ன வேலை?
ஆனாலும் கேட்டேன்:
"அக்கா, வடைக்கு என்ன பெருங்காயம் போடுவீங்க?"

சௌடம்மா சிரிக்கவில்லை. அதுவே பெரிசு.
பையைத் துழாவி டப்பாவை எடுத்தார்.
எழுத்து எறும்பை விடச் சின்னது.
மகன் போனில் படம் பிடித்து, விரலால் விரித்து,
எழுத்துக் கூட்டினான்:
கோந்து... கோதுமை மாவு.

கொஞ்ச நேரம் ரயிலின் கூச்சல் மட்டும்.

"பதினாறு வருஷமா விக்கிறேன்.
இதுக்குள்ள கோதுமை இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது.
உங்களுக்கு வேண்டாம் கண்ணு."

பெருங்காயம். பேரிலேயே வைத்திருக்கிறார்கள்,
நான்தான் இத்தனை நாள் சேர்த்துப் படித்தேன்.

நகரப் போனவளை இருக்கச் சொன்னார்.
கையைக் கழுவினார், கத்தியைக் கழுவினார்,
அதையே மறுபடி கழுவினார்.
கிளிமூக்கு மாங்காயை வட்ட வட்டமாக அரிந்து
இரண்டு வில்லைக்கு நடுவில்
துருவல், வெங்காயம், ரெண்டு சட்னியும்.
சட்னியில பெருங்காயம்?
"சத்தியமா இல்ல."

கடித்தேன்.
நொறுங்க வேண்டிய இடத்தில் புளித்தது,
கண்ணோரம் சுருங்கியது,
சிவப்பு வழிந்து டோக்கன் நனைந்தது.
இன்னொரு செட்டு கேட்டேன்.
பிறகு இன்னொன்று.
"வடை இல்லாம எப்படிக் காசு வாங்கறது"
என்று பத்து ரூபாயோடு நிறுத்திக்கொண்டார்.
ரயிலிலிருந்து வெளிறி இறங்கிய கிஷோர்
என்னிடமே ஒரு வில்லை வாங்கிக் கடித்தான்.

ஆறு மணிக்கு வாசலில் டப்பாவைத் திறந்தேன்.
மூணு இட்லி.
மாதையன் தொப்பியைக் கழற்றினார்.
"எனக்குச் சர்க்கரைங்க மேடம்.
மத்தியானம் கிறுகிறுன்னு வந்துச்சு.
பழத்தைத் தின்னேன், கூடவே ஒண்ணே ஒண்ணு."
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"அது என்ன மாவுங்க?"