இரண்டு ரூபாய் நகல்

தங்கச்சிமடம் ஏலக்கூடத்துச் சுவரில்
ஐப்பசிக்கு முன் ஒட்டினோம்,
ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸில் நான் வரைந்த கடல்.
போகலாம் என்றால் பச்சை.
போகாதே என்றால் சிவப்பு.
யோசித்துப் போ என்றால் ஆரஞ்சு.
சிறு பிள்ளைக்கும் புரியும் என்று
கோப்பில் என் கையாலேயே எழுதியிருந்தேன்.

சிறு பிள்ளைகளுக்குப் புரிந்தது.
பதினேழு வருடமாய் விசைப்படகு ஓட்டும்
இன்னாசி மொராயிஸ்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு
"கோடு எங்க சார்?" என்றான்.
விரல் வைத்துக் காட்டினேன்.
"பூராம் ஒரே பாசியா கெடக்கு."
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்,
நெடுநாள் பழகிய சிரிப்பு.

டீக்கடையில் அவனாகவே சொன்னான்.
களி நண்டு வெந்ததா இல்லையா,
மூக்குதான் சொல்லும்.
வாக்கிடாக்கி சார்ஜ் ஏறிவிட்டதா,
லிடியா சொல்லணும்.
அம்மாவின் தம்பிக்கும் இப்படியே.
எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்:
அப்போ சிக்னல்?
"மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ.
எடம் தெரிஞ்சாப் போதும் சார்,
நெறம் எதுக்கு?"

சாயங்காலம் அந்தப் படத்தின் தாளை
ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன்.
கறுப்பு வெள்ளை, ஒன்று, இரண்டு ரூபாய்.
கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் ஒருமுறை போய்வந்தது.
சூடாக வெளியே விழுந்த கடலில்
பாறைத் திட்டும் பாதையும் ஒரே சாம்பல்.
இன்னாசி பார்ப்பது இது அல்ல;
அவனுக்கு நீலம் உண்டு, மஞ்சள் உண்டு,
எனக்குப் பெயர் தெரியாத ஏதேதோ உண்டு.
ஆனாலும் என் தவறு
இந்தத் தாளில்தான் தெளிவாக அச்சாகியிருந்தது.

மறுநாள் பாம்பனில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
வானத்துக்கு எதிரே ஒரு கறுப்புக் கூம்பு.
நிமிர்ந்தால் ஒரு சேதி, கவிழ்ந்தால் வேறு சேதி.
எத்தனை மழைக்காலமாய்ப் பார்த்திருக்கிறேன்,
படம் வரைந்து சம்பளம் வாங்குகிற நான்.
கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்
இன்னாசிக்குப் போன் போட்டேன்.

"பகல்ல சரிதான் சார்.
ராத்திரி வந்து பாருங்க."

ராத்திரி கூம்பு இல்லை, விளக்குகள்.
சிவப்பும் வெள்ளையும்.
"பளிச்சுனு இருந்தா வெள்ளை.
அணையப்போற மாதிரி இருந்தா
அதான் செவப்புன்னு வச்சிருக்கேன்."
காற்று பலமாக இருந்தது.
சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

புதிய படத்தில்
போகாத இடத்துக்குச் சாய்வுக் கோடுகள் போட்டேன்,
வலை மடித்து வைத்ததுபோல் நெருக்கமாக.
யோசிக்க வேண்டிய இடம் புள்ளி.
போகலாம் என்பது வெறும் வெள்ளை.
எல்லைக்குத் தடித்த கறுப்பு,
அதன் மேலேயே எழுத்து.
மேலதிகாரி கேட்டார்: "கலர் கம்மியா இருக்கே?"
கலரும் இருக்கிறது சார்,
அதை மட்டும் நம்பி யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.
இதை நான் சொல்லவில்லை.
"ஆமா சார்" என்றுதான் சொன்னேன்.

இன்னாசி பத்தடி தள்ளி நின்று பார்த்தான்.
"கோடு நல்லாருக்கு.
புள்ளிதான் கொசு மாதிரி.
படகுல இருந்து பாத்தா ஒண்ணுமில்ல."

பெரிதாக்கியிருக்கிறேன்.
இன்னும் ஒட்டவில்லை.
ஒரு நகல் எடுத்துப் பார்க்கணும்,
ஞாயிறு கடை திறக்கமாட்டான்.