ஆர் விழாத மெஷின்

பொன்விழா மலருக்குச் சங்க வரலாறு
ரெண்டு பக்கத்துக்குள் வேண்டும் என்றார் தலைவர்.
கலெக்டர் வாழ்த்துரைக்கு ஒரு பக்கம் போய்விட்டதாம்,
தேயிலைத்தூள் விளம்பரங்களுக்கு எட்டு.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.
மஞ்சூர் வட்டார முன்னாள் படைவீரர் சங்கம்
எழுபத்து மூன்றாம் வருஷம், ஆடி மழையில்,
பேக்கரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது.
பதினோரு பேர். ஆளுக்கு ரெண்டு ரூபாய்.
முதல் தலைவர் சுபேதார் பெள்ளி கவுடர்.
முதல் சொத்து, குன்னூர் ஏலத்தில் எடுத்த டைப்ரைட்டர்.

ரெண்டு பக்கத்தில் அடங்காதது இது:

அந்த மெஷினில் ஆர் விழாது.
அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது.
ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும் மனுவில்
ரெஜிமென்ட் தலையில்லாமல் நிற்கும்.
வார் விடோ என்று அடித்தால்
வா விடோ என்று விழும்.
மாதியம்மாளின் மனு போன வழியே திரும்பி வந்தது,
'விவரம் தெளிவாக இல்லை.'
அவள் புருசன் செத்த இடம் ஜெஸ்ஸோர்.
அதிலும் ஓர் எழுத்து இல்லை.

சவரிநாயகம் கீழ்குந்தா ரோட்டில் வாட்ச் ரிப்பேர் செய்தவர்.
சிக்னல்ஸில் ஏழு வருஷம்.
எட்டாவது வருஷத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை,
அவர் இல்லாதபோது எல்லாரும் பேசுவார்கள்.
சங்கத்தில் சேர மனு கொடுத்தார்.
டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே என்றார்கள். இல்லை.

தீர்மானம் நான்கு: நிராகரிக்கப்பட்டது, ஒருமனதாக.
தீர்மானம் ஐந்து: ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசுவது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து நின்றாராம்,
நனைந்த குடையை வெளியே சாத்திவிட்டு.
'மெம்பர் ஆக வரல. அந்த அம்மா மனுவக் குடுங்க.'
ஒரு கண்ணில் லென்ஸ், மயிரிழை நிப்பு, நீல மை.
விட்டுப்போன இடத்திலெல்லாம் ஆர் போட்டார்.
அச்சு எழுத்தைவிட நேராக நின்றது.

பன்னிரண்டு வருஷம் செவ்வாய்தோறும்.
நாற்காலி உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால்
ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே.
கார்பன் நகல்களை நேற்று எண்ணினேன்,
முந்நூற்றுப் பதினாறு.
நகலிலும் போட்டிருக்கிறார்.
நகலை யார் பார்க்கப்போகிறார்கள்?
மாதியம்மாளுக்கு எண்பத்தொன்றில் வந்தது, அரியர்ஸோடு.
அது மலரில் இருக்கிறது, போட்டோவுடன்.

மற்றபடி மினிட் புத்தகம் முழுக்கச் சண்டைதான்.
ரம் கோட்டா. கொடிக்கம்பம் யார் நிலத்தில்.
ஸ்டீல் நாற்காலிகளைக் கல்யாணத்துக்கு வாடகை விடலாமா.
(விடலாம். உடைந்தால் முழு விலை.)
புல்லெல்லாம் உறைந்து வெளுத்த ஜனவரியிலும் கூடியிருக்கிறார்கள்.
பெள்ளி கவுடர் இறந்த மறுநாளும் கூடி,
வடைக்கு ஆன செலவைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள்.
ஒரே ஒரு தேதியில்தான்
பேக்கரிப் பையனின் கோணல் கையெழுத்து:
'12-11-85 செவ்வாய் மாலை 4 மணி.
யாரும் வரவில்லை. கோரம் இல்லை. ஒத்திவைப்பு.'

வேறொரு வேலையாகச் சர்ச்சுக்குப் போனபோது
அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
சவரிநாயகம், வயது 58, கடிகாரத் தொழில்.
அதே செவ்வாய். மூன்றரை மணி.

தீர்மானம் நான்கை யாரும் ரத்து செய்யவில்லை.
இன்றைக்கும் அமலில்தான் இருக்கிறது.

ரெண்டு காகிதத்தையும் தலைவரிடம் காட்டினேன்.
அந்தப் பதினோரு பேரில் அவர் ஒருத்தர்தான் பாக்கி.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மாட்டாமல் மேசைமேல் வைத்தார்.
'ரெண்டு பக்கம்தான்யா இடம்.'

நான் கதவுவரை போய்விட்டேன்.

'அன்னைக்குக் குழிமேட்டுல
மண்ணு ரொம்ப வழுக்குச்சு' என்றார்.