முள் இடப்பக்கம்

சோலூர்மட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது
ஒரு இருமல்கூட இல்லாமல் நின்றது.
பெட்ரோல் தீர்ந்த வண்டி கொஞ்சம் கெஞ்சிவிட்டுத்தான் நிற்கும்.
இது யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி.
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னால் யோகராசா, மடியில் எர்த் ராடு,
தோளில் கயிறு, வாயில் பாக்கு.
"உதைங்கண்ணே" என்றான்.
உதைத்தேன். பதினேழு வரை எண்ணினேன்.
அதற்குப் பிறகு முழங்கால் எண்ணிக்கொண்டது.

போன்.
கீழ்க்கோத்தகிரி இலை ஃபேக்டரி, போஜராஜன்.
"மூவாயிரம் கிலோ கொழுந்து ட்ரஃப்ல கெடக்கு,
ஃபேன் ஓடல, இலை சூடாகுது.
கரண்டு எப்ப சார் வரும்?"
"வந்துட்டே இருக்கோம்" என்றேன்
மஞ்சில் அசையாமல் நின்றுகொண்டு.

பிளக்கைக் கழற்றினேன். ஈரம்; பெட்ரோல் வருகிறது.
சிலிண்டர் தலையில் அதைச் சாய்த்துவைத்து
யோகராசாவை உதைக்கச் சொல்லி
டார்ச்சை அணைத்துப் பார்த்தோம்.
பதினோராயிரம் வோல்ட்டைக் கம்பம் கம்பமாக மேய்ப்பவனுக்கு
அரிசி அளவு நீலம் கிடைக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடத்து புல்லட்.
ஹெட்லைட் தலையில் ஆம்பியர் மீட்டர் உண்டு.
சாவியைத் திருப்பினால் முள் இடப்பக்கம் சாய்ந்தது,
சரி, பேட்டரிக்கு உயிர் இருக்கிறது.
கிக்கரைக் கையால் மெல்ல இறக்கினேன்.
பாயிண்ட் திறக்கும்போது முள் நடுவுக்கு வரவேண்டும்,
மூடும்போது சாயவேண்டும், மாட்டு வால் போல.
இது சாய்ந்தது சாய்ந்தபடி,
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா.

கையில் இருந்தது யாரோ ஒருவருடைய மீட்டர் அட்டை.
ஓரம் கிழித்து, மடித்து,
பாயிண்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவில் செருகினேன்.
இப்போதாவது வா.
வரவில்லை.

குந்தியிருந்தவன் எழுந்து நின்றேன்.
இது எனக்குத் தெரிந்த வியாதி.
வழியை அடைத்த பிறகும் போகிறதென்றால்
வேறெங்கோ திருட்டு வழியில் மண்ணுக்கு இறங்குகிறது.
மேலே ஃபீடரிலும் அதுதான்:
ஒரு சில்வர் ஓக் கம்பிமேல் சாய்ந்து கிடக்கிறது,
ஊருக்கெல்லாம் தண்டனை.

கண்டென்சர் ஒயரைக் கழற்றினேன்.
முள் நடுவுக்கு வந்தது.
"கண்டென்சர்தான்!" என்று யோகராசா கத்தினான்.
போன வாரம் இதே வளைவில் கரடி பார்த்ததிலிருந்து
அவன் எதையும் கத்தித்தான் சொல்கிறான்.

ஆனால் கழற்றும்போது
டேங்குக்கு அடியில் போகிற ஒயரும் சேர்ந்து அசைந்தது.
அதை நான் பார்த்தேன்.
டார்ச்சை அங்கே பிடிக்கச் சொன்னேன்.
ஃப்ரேமில் உரசி உரசித் தோல் போன இடத்தில்
செம்பு சிரித்தது.

கருப்பு டேப், ஏழு சுற்று.
டூல் பாக்ஸில் பிஸ்கட் உறைக்குள் கிடந்த
வேறொரு கண்டென்சரையும் மாட்டினேன்.
ஒன்றைச் செய், உதைத்துப் பார், பிறகு அடுத்தது;
புதுப் பையன்களுக்கு நானே சொல்வதுதான்.
போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது.

டிகம்ப்ரசரை அமுக்கி, முள் பார்த்து,
ஒரே உதை.
தேயிலைக்குள் தூங்கிய ஏதோ ஒன்று
கிளைகளை முறித்துக்கொண்டு ஓடியது.
"போச்சு, போச்சு" என்றான் யோகராசா, முதல்முறை மெதுவாக.

மரம் அறுத்து, கம்பி இழுத்துக் கட்டி,
லைன் ஏற்றியபோது மணி இரண்டே முக்கால்.
போஜராஜன் நன்றி சொல்லவில்லை.
போனை ஃபேன் பக்கம் நீட்டி
அரை நிமிஷம் கேட்கவைத்தார்.

பழைய கண்டென்சரை நான் எறியவில்லை.
அதே பிஸ்கட் உறைக்குள் கிடக்கிறது,
குற்றம் நிரூபணமாகாமல்.
இரண்டையும் ஒன்றாகச் செய்தவனுக்கு
எது என்று எப்படித் தெரியும்?
யோகராசாவுக்குத் தெரியும்.
இன்னும் அதுதான் என்கிறான்.